ஒரு விரல் வணக்கம்

எதிரே வந்த லாரிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

அவனும் உயர்த்தினான்.

இந்தப் பக்கத்து வழக்கம் என்று மனைவிக்கு விளக்கினான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் செம்மண் பொட்டல். மணிக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம். விரல் தூக்கி வணக்கம் சொல்லாமல் கடந்தால் மரியாதையில்லை. நாலு வருடம் சிட்னியில் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

அடுத்த காரில் ஒரு பெண்மணி இரண்டு முறை உயர்த்தினார். நல்ல குடும்பம் போலிருக்கிறது என்றான்.

அதற்கடுத்த வேன்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். விரலை மேலே குத்திக் குத்திக் காட்டினார்.

அவன் நெகிழ்ந்தே போனான். ஹாரன் அடித்து நன்றி சொன்னான்.

ஒரு மணிக்குப் பசித்தது. இருந்த ஒரே மரத்தடியில் நிறுத்தினான்.

புளியோதரைப் பை பின்சீட்டில் இல்லை. டிக்கியிலும் இல்லை.

அவள் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல். கடைசி பாட்டில். நாலு மணிக்கு எழுந்து, கையோடு கொண்டுவந்த குக்கரில் மோட்டல் அறையிலேயே சோறு வடித்துக் கிளறியிருந்தாள்.

வாசலில் கார்ச் சாவியைத் தேடும்போது பையைக் கார் மேலே வைத்தவன் அவன்தான்.

துணிப்பையின் காது மட்டும் மேல்கம்பியில் மாட்டியிருந்தது. பின்கண்ணாடி நெடுக எண்ணெய். வைப்பர் இடுக்கில் நாலைந்து நிலக்கடலை.

அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். போட்டிருக்கக் கூடாது.

"எல்லாரும் மேல பாரு, மேல பாருன்னு காட்டிட்டுப் போயிருக்காங்க. நீங்க பதில் வணக்கம் வெச்சிட்டு வந்திருக்கீங்க."

அதோடு பேச்சு நின்றது.

இருநூறு கிலோமீட்டர்.

அவள் கத்தினால் சமாளித்துவிடுவான். பேசாமலிருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. சோறும் இல்லை.

வழியில் மூன்று வண்டிகள் வந்தன. மூவரும் விரலைத் தூக்கினார்கள். மூன்று முறையும் அவன் ஓரங்கட்டி, இறங்கி, கார் மேலே பார்த்தான். ஒன்றுமில்லை.

அப்படியானால் அது வணக்கம்தான். அதை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

பெட்ரோல் பங்கில் அவள் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தான். அவள் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

அவன் காரின் முன்பக்கமாகச் சுற்றி மறுபக்கக் கதவுக்கு நடந்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினாள்.

அவன் முதலில் கார் மேலே பார்த்தான்.

பிறகுதான் அவள் முகத்திலிருந்த சிரிப்பைப் பார்த்தான்.