ஜோடிச் சில்லு

பதினேழு வயது துருவனுக்கு எடை குறைய இரைப்பையைச் சுருக்கிய கையோடு, பசியடக்கும் ஹார்மோன் சில்லையும் தோளில் பதித்தார்கள். கூட வந்தவருக்கு ஜோடிச் சில்லு இலவசம் என்றதும், அப்பா மருதபாண்டி தன் தோளையும் நீட்டிவிட்டார். அன்றிலிருந்து மகனுக்கு வயிறு நிறைந்தால் அவருக்கும் நிறைந்துவிடும்.

மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கு, "நீ எதுக்குடா, இலையை வீணாக்கவா?" என்று மகனை விட்டுவிட்டுத் தனியாகப் போனார். பந்தியில் பிரியாணியில் கை வைத்ததுதான் தாமதம், தொண்டைவரை நிறைந்துவிட்டது. போனைப் போட்டார்.

"டேய், என்னடா பண்றே?"

"தயிர்சாதம்ப்பா. ரெண்டே ஸ்பூன்."

"கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடேன்டா!"

"டாக்டர் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாருப்பா." மறுமுனையில் மூன்றாவது ஸ்பூன் கிணுகிணுத்தது. மருதபாண்டிக்கு ஏப்பம் வந்தது.

மச்சினன் எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், இலையை வீணாக்கத்தான் வந்தீங்களா?"