காகிதம் ஒட்டவில்லை

"மூடியைக் கழட்டிட்டியா? உள்ள சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கும் பாரு. அதை உருவு. வெரசா!"

செல்வமுருகன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நின்றுபோன பஸ்ஸிலிருந்து குதித்தான்.

முன்னால் வரிசையாக வண்டிகள். அதற்கும் முன்னால், பெருமாள்மலைக்குக் கீழே, ரோட்டை மறித்து ஒரு மரம் விழுந்து கிடந்தது. மூடுபனியில் மரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஹாரன் சத்தம் மட்டும்தான்.

மேலே கொடைக்கானல் நாயுடுபுரத்தில் அவன் மனைவி தமயந்தி தனியாக இருந்தாள். தனியாக என்றால், பிறந்து மாதம்கூட ஆகாத பிள்ளையோடு.

"உருவிட்டேங்க. சுத்தமாத்தான் இருக்கு." அவள் குரல் கொட்டாவியோடு வந்தது.

காற்று மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று காலையில் அவள் சொன்னபோது அவன் சிரித்தான். பழனியில் பம்புசெட் சாமான் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

அந்த வீட்டில் திறக்கிற ஜன்னலே கிடையாது. சூடு வெளியே போகக் கூடாதென்று சுற்றிலும் இரட்டைக் கண்ணாடி பதித்துக் கட்டிய வீடு. அது மூச்சு விடுவதே அந்த மெஷின் வழியாகத்தான். உள்ளே இருக்கிற கெட்ட காற்றை வெளியே தள்ளும். போகிற காற்றின் சூட்டைப் பிடுங்கி, வருகிற குளிர்காற்றுக்குக் கொடுக்கும்.

அது நின்றால், வீடு மூடி போட்ட டப்பா.

"ஃபேன் சுத்துதா?"

"சுத்துது. உர்ருன்னு கத்துது."

"தண்ணி போற குழாய்ல ஐஸ் கட்டியிருக்கா?"

"இல்லீங்க. தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது. இந்தச் சோலியை நீங்க வந்து பாக்கக் கூடாதா?"

மரத்தின் கிளைகளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் விழுந்தான். முழங்கை கிழிந்தது. எழுந்து மேடேறி ஓடினான்.

சல்லடை சுத்தம். ஃபேன் ஓடுகிறது. குழாய் சரி. மெஷினை மாட்டிய நாளில் மெக்கானிக் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுதான் பாக்கி.

"பெட்ரூம் சுவத்துல, மேல, கம்பி வச்ச ஓட்டை இருக்குல்ல? ஒரு பேப்பரை அதுமேல வை. இழுத்து ஒட்டிக்கணும்."

நாற்காலி இழுபடும் சத்தம். காத்திருந்தான்.

"ஒட்டலைங்க."

அப்புறம் ஒரு சிரிப்பு. குடித்தவள் சிரிப்பது போல. தமயந்தி அப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை.

அவன் ஓட்டத்தை நிறுத்தினான்.

"ஏ புள்ள, உள்ள ஏதும் பத்த வச்சியா?"

"புள்ளையக் குளிப்பாட்டி சாம்பிராணி போட்டேன். கரிச்சட்டி கட்டிலுக்கு அடியில கெடக்கு. கதகதன்னு இருக்கட்டுமேன்னு..."

கரி. பூட்டிய அறையில் கரி.

அது என்ன செய்யும் என்று கொடைக்கானலில் பிழைக்கிற எவனுக்கும் தெரியும். புகையாது, நாறாது. தூங்குகிற மாதிரியே கொண்டுபோய்விடும்.

"பையன்?" என்றான்.

"தூங்குறான். வெள்ளனே பால் குடிச்சிட்டுப் படுத்தவன். ஒரு சத்தம் இல்ல. சமத்து. நீங்க சொன்ன மாதிரியே."

"அவனத் தூக்கு! சட்டியில தண்ணிய ஊத்து! அந்த ஓட்டையில என்ன அடைச்சிருக்குன்னு பாரு!"

"என்ன அடைச்சிருக்கும்? என் பழைய சேலைதான். நேத்து நான்தான் கிழிச்சு எல்லா ஓட்டையிலயும் அடைச்சேன்."

"குளிருதுன்னா?"

"குளிருக்கா..." அவள் நாக்கு குழறியது. "சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதானேங்க..."

டொம்.

பிறகு அந்த உர்ர் மட்டும்.

"தமயந்தி! ஏ தமயந்தி!"

உர்ர்ர்.

கூப்பிட ஒரே ஒரு ஆள் இருந்தார். எதிர்க் கடை சைஃபுல்லா பாய். இவ்வளவு நேரமும் அந்த நம்பருக்கே அவன் நினைப்பு போய்ப் போய்த் திரும்பியிருந்தது. கூப்பிட்டால் எல்லாம் போச்சு.

கூப்பிட்டான்.

"பாய், கடப்பாரையை எடுங்க! எதிர் வீட்டுக் கண்ணாடியை உடைங்க! பெட்ரூம் பக்கம். ஓடுங்க பாய்!"

"ஏலே, கிறுக்குப் புடிச்சிருச்சா? முதலாளி கண்ணாடியவா உடைக்கச் சொல்ற? அவரு சீசனுக்குத்தான வருவாரு? வாசல்ல பூட்டு தொங்குது. வாட்ச்மேன் நீ, சாவி ஒங்கிட்டதான கெடக்கு. ஒம் வீட்டம்மாவும் பிரசவத்துக்கு ஆயக்குடி போயிருக்கு. உள்ள யாருடா இருக்கா?"

சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. வெளியே பூட்டிவிட்டு வந்ததும் அவன்தான். ஆயக்குடியிலிருந்து அவளை ராத்திரியில் கூட்டி வந்தது பாய்க்குத் தெரியாது. அவர்கள் தங்கியிருந்த பின்பக்கத் தகரக் கொட்டகையில் பனி ஒழுகி, பிள்ளையின் உதடு நீலம் பாரித்த அன்றிலிருந்து, யாருக்கும் தெரியாமல், தினமும்.

"எம் பொண்டாட்டி பாய். எம் புள்ள."

செருப்பு தடதடக்கும் சத்தம். மூச்சிரைப்பு. ஒரு கண்ணாடி நொறுங்கியது. அதற்கு உள்ளே இன்னொன்று.

அப்புறம் ஒன்றுமே இல்லை.

செல்வமுருகன் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு இருமல். பெண் குரல். அதன் பின்னால், நூல் மாதிரி மெல்லிசாக, கோபமாக, ஒரு அழுகை.

யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதென்று அவன் பயந்து பயந்து செத்த அழுகை. யாருடைய பிள்ளை, யாருடைய பிள்ளை என்று தெருவே கேட்பது போனில் கேட்டது.

"அழுடா," என்றான் செல்வமுருகன். "இன்னும் சத்தமா அழு. ஊரே கேக்கட்டும்."