மிட்டாய்த்தாள் மாலை

கம்பெனி கேட்டுக்குள் கால் வைத்ததுமே கெங்கம்மாள் இரண்டடி பின்தங்கினாள்.

பெண் வனஜாவோ இரண்டு கையிலும் மாலையை ஏந்திக்கொண்டு ஜம்மென்று முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மூணாம் கிளாஸ் படிக்கிறாள். போன தீபாவளிக்கு எடுத்த பாவாடை இப்போதே கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயுத பூஜை அன்று ஒருநாள்தான் பெண்டு பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். அவரவர் மிஷினை அவரவர் குடும்பத்துக்குக் காட்டலாம். துடைத்து, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொரு மிஷினையும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருப்பார்கள்.

கெங்கம்மாளுக்குத்தான் மிஷினே கிடையாதே.

லேத்து மிஷின்கள் சீவித் தள்ளுகிற இரும்புச் சுருளைக் கூடையில் வாரி, சும்மாட்டின் மேல் ஏற்றி, கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டுவதுதான் அவள் வேலை. காலையில் தொடங்கினால் சங்கு ஊதும்வரை அதே நடை. பருத்திப்பட்டில் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தவளுக்கு மாசச் சம்பளத்தில் இந்த வேலை கிடைத்ததே பெரிய காரியம்.

அதைப் பெண்ணிடம் உள்ளபடி சொல்லித் தொலைத்திருக்கலாம். எங்கே சொன்னாள்? வேலைக்குச் சேர்ந்த அன்று, நீ இன்னா மிஷின் ஓட்றேம்மா என்று வனஜா கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள். பாழாய்ப்போன வாய், ஊட்டு உசரத்துக்கு ஒரு மிஷின் என்று சொல்லிவிட்டது.

அதோடாவது நிறுத்தினாளா? அது எப்படிச் சுற்றும், எப்படி உறுமும், எண்ணெய் ஊற்றினால் எப்படிச் சமாதானமாகும் என்று ராத்திரிக்கு ஒரு கதை. பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். கேட்கிற பிள்ளை இருந்தால் சொல்கிற வாய் சும்மா இருக்குமா?

இந்த லட்சணத்தில் இப்போது மாலை வேறு.

தெருவில் கிடந்த மிட்டாய்த்தாளையெல்லாம் பொறுக்கி வந்து, நகத்தால் நீவி, நறுக்கி, ஊசியில் கோத்துக் கட்டியிருந்தாள் வனஜா. சிவப்பும் பச்சையும் தங்கக் கலருமாகப் பூக்கடைக்காரன் தோற்றுப்போவான். ஆனால் வீட்டு உயர மிஷினுக்கு அது எந்த மூலைக்கு? இன்னும் நீளமாகக் கட்டேன் என்று கெங்கம்மாளே சொல்லிப் பார்த்தாள்.

"பத்தும்மா. அளவு பாத்துதான் கட்னேன்."

மிஷினைக் கண்ணாலே பார்க்காத பிள்ளை அளவு பார்த்ததாம். அன்றைக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு வரவில்லை.

ஷெட்டுக்குள் ஒரே கும்பல். எந்த மிஷினைப் பார்த்தாலும் பக்கத்தில் அதன் ஆள் பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தான். இனி பொய்யை இழுத்துப் பிடிக்க வழியில்லை. பெண்ணை ஓரமாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் இத்தனை பேர் நடுவில் அந்த முகம் சுருங்கிப் போனால், அதைப் பார்க்கிற தைரியம் கெங்கம்மாளுக்கு இல்லை.

அவள் வாய் திறப்பதற்குள் வனஜா நடந்துவிட்டாள்.

முதல் லேத்தைத் தாண்டினாள். அடுத்ததையும் தாண்டினாள். இருப்பதிலேயே பெரிய மிஷின் சீனியர் ஆப்பரேட்டர் திருவேங்கடத்துடையது. அவர் சிரித்துக்கொண்டே இங்கே போடு பாப்பா என்றார். அதையும் தாண்டினாள்.

பின்கதவு ஓரமாக அந்த இரும்புக் கூடை கிடந்தது. அதற்குச் சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை.

வனஜா மண்டிபோட்டு உட்கார்ந்து, மாலையைக் கூடையின் விளிம்பைச் சுற்றி, இரண்டு காதிலும் மாட்டிவிட்டாள். ஒரு விரல் கூடவில்லை, ஒரு விரல் குறையவில்லை.



கற்பூரத் தட்டோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்த குருக்களை, சாமி இன்னும் ஒண்ணு கீது என்று திருவேங்கடம் கூப்பிட்டார். தாமே குனிந்து கூடைக்குச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தார். தீபாராதனை காட்டியபோது ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கூடையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வனஜா எல்லோருக்கும் முன்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

புதிதாக வந்திருந்த சூப்பர்வைசரின் பெண்டாட்டி, உனக்கு எந்த மிஷின்மா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். ஷெட்டு முழுக்கக் கேட்கும்படி கெங்கம்மாள் சொன்னாள்.

"தோ, மாலை போட்டுகினு கீது பாருங்க. அதான் நம்மளுது."

சந்தோஷம் தாங்காமல், பூஜைக்குக் கொடுத்த பொரிப் பொட்டலத்தைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அதைக் கொடுக்க ஓடி வந்த வாட்ச்மேன்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஆடி மாசத்தில் ஒருநாள், அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்தது அவள் நினைத்ததுபோல் புருஷன் இல்லையாம், இந்தப் பெண்தானாம். அவர் பாவம் பார்த்து உள்ளே விட, அம்மா கூடையும் தலையுமாக நடப்பதைப் பின்கதவோரம் நின்று ரொம்ப நேரம் பார்த்ததாம். தண்ணீர் குடிக்க அம்மா அந்தப் பக்கம் போனதும் ஓடிப்போய், நூலால் கூடையைச் சுற்றி அளந்துகொண்டதாம். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனதாம்.

ஆடி மாசத்திலிருந்தா?

நேற்று ராத்திரிகூட, அம்மா மிஷின் கதை சொல்லும்மா என்று மடியில் படுத்துக் கேட்டுவிட்டுத்தான் தூங்கினாள்.