விட்டுப்போன ஓட்டு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில், தேவாலயக் கீழ்த்தளத்து ஜன்னலில் பனியின் வெளிச்சம் வெள்ளையாய் நிற்கிறது. சட்டமன்ற உறுப்பினர் டெல்மாவைத் தேர்தலில் மறுபடி நிறுத்துவதா என்று கட்சிக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். அவள் இடத்துக்கு ஆசைப்படும் கர்ட்டிஸ், அவள் போட்ட ஓட்டுகளை உரக்க வாசிக்கிறான். "வீட்டச் சூடாக்குற எண்ணெய்க்கு மானியம்: கட்சிய எதிர்த்து ஆதரவு! மின்கட்டண உயர்வு: கட்சி ஆதரிச்சத எதிர்த்து ஓட்டு, அதுலயும் துரோகம்! இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம்!" சுவரோரத்துக் கணப்பு சீறுகிறது. டெல்மா எழுகிறாள். கன்னம் சூடேறுகிறது, வெட்கத்தால் அல்ல. "ஒண்ண விட்டுட்டியே தம்பி. பனிக்காலத்துல, பில்லு கட்டலைன்னாலும் யார் வீட்டுக் கரண்டையும் வெட்டக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சே, நம்ம கட்சியில அதுக்குக் கை தூக்குனது நான் ஒருத்திதான்." போன குளிர்காலத்தை அந்த எண்ணெய் மானியத்தால் தாண்டிய ஊர்க்காரர் வெர்ன், பின்வரிசையிலிருந்து கையுறையோடு கைதட்டத் தொடங்குகிறார். பிறகு கூடமே தட்டுகிறது. டெல்மா தலை நிமிர்ந்து நிற்கிறாள்.