வெயில் இருக்கும்போதே

மலைத்தோட்டத்துக் கொட்டகையில் ஒரு டிராக்டர் இருந்தது. அதற்கு எதிரே, அலமாரியில், டீசல் உறையாமலிருக்க ஊற்றும் மருந்துப் புட்டி.

"இப்பவே என்னை ஊத்திக்கயேன்," என்று புட்டி தினமும் கேட்கும்.

"குளிரட்டும், பார்க்கலாம்," என்று டிராக்டர் தட்டிக் கழிக்கும்.

ஒருநாள் காலை கடும் உறைபனி. டீசல் நெய் மாதிரி உறைந்துவிட்டது. சந்தைக்குப் போகவேண்டிய கேரட் மூட்டைகள் காத்துக் கிடந்தன. முக்கிப் பார்த்து ஓய்ந்த டிராக்டர், "இப்போ வாயேன்," என்றது வெட்கத்தோடு.

"உறைஞ்சதைக் கரைக்க என்னால முடியாதே," என்றது புட்டி. "வெயில் வரட்டும். அதுவரைக்கும் பேசிக்கிட்டிருப்போம்."

பேசிக்கொண்டிருந்தன. உச்சிவேளையில் டீசல் இளக, டிராக்டர் இருமிக்கொண்டே சந்தைக்கு ஓடியது.

மறுநாள் சுள்ளென்று வெயில். டிராக்டர் டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

"இன்னிக்குக் குளிரவே இல்லையே," என்றது புட்டி.

"அதனாலதான் கூப்பிடறேன்," என்றது டிராக்டர்.