முதலில் எழுதிய பெயர்

பழைய டிரைவில் ஏற்கெனவே ஒரு ரெய்டு இருக்கிறது, தொடரலாமா என்று கணினியின் லினக்ஸ் கேட்டது.

அவள் விரல் விசைப்பலகையின்மேல் நின்றது.

தொழிற்சாலையின் கேமரா அறை, அவள் பொறுப்பில் இருப்பது. ஜன்னல் கிடையாது. கேமராக்கள் பிடிப்பதெல்லாம் இரண்டு எஸ்எஸ்டி டிரைவ்களில் ஒன்றுபோலவே பதிவாகும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும், அதுதான் ரெய்டு. போன வாரம் ஒன்று செத்துப்போனது.

பிரஸ் மெஷினில் சிக்கி ஒருவன் இறந்த பதிவு, மிச்சமிருந்த மற்றதில்தான் இருந்தது.

மேனேஜர் புதிதாக இரண்டு வாங்கிக் கொடுத்திருந்தார். பழையதை இவற்றில் நகலெடுத்து, மூன்றையும் ஒரே ரெய்டாக்கிவிடச் சொன்னார். நாளை விசாரணைக்கு வருகிறார்களாம், மயிரிழைகூடத் தவறக்கூடாதாம். "மத்தவங்களைவிட நீங்க செய்யறதுதான் பொருத்தம்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்.

கைவந்த வேலைதான். பழைய ரெய்டோடு புதிய டிரைவ்களைச் சேர்த்துவிட்டால் நகலெடுப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அவள் அப்படிச் செய்யவில்லை. புதிதாகவே ஒரு ரெய்டு உருவாக்கக் கட்டளை எழுதினாள். அதில் எந்த டிரைவின் பெயர் முதலில் வருகிறதோ அதுதான் மூலம். மற்றவை அதற்கு நகலாகிவிடும்.

அவள் முதலில் எழுதியிருந்தது ஒன்றுமே இல்லாத புது டிரைவின் பெயரை.

பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் இறந்தவனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பாதுகாப்பு மூடியை அவனாகவே கழற்றிவிட்டுக் கையை நீட்டினான் என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை, என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கி வந்திருந்தாள். அழுதழுது வற்றிப்போன முகம். திரையில் ஓடும் எழுத்துகளில் ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை.

திரைமுன் இருந்தவள் தொடரலாம் என்று தட்டினாள்.

சதவீதம் ஏறத் தொடங்கியது. பழைய காலத்து ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் மணிக்கணக்கில் ஆகும், மனசு மாறவும் நேரம் இருக்கும். எஸ்எஸ்டி அந்தக் கருணையெல்லாம் காட்டாது. பச்சை விளக்கு படபடக்க, பழையதன்மேல் வெறுமை ஏறிக்கொண்டே போனது.

கை தவறிப் பெயரை மாற்றி எழுதிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். வேலை போகும். போகட்டும்.

ஏறுகிறதா என்று பின்னாலிருந்து கேட்டாள் அந்தப் பெண். ஏறுகிறது என்றாள், திரும்பாமல்.

சதவீதம் நூறைத் தொட்டது.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தாள். திரைமுன் இருந்தவளின் தோளில் கைவைத்தாள்.

"மூடியக் கழட்டச் சொன்னது யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும், அண்ணி. மிச்சத்த எங்கண்ணன் பாத்துக்கும்."

நேற்றே அண்ணி அந்தப் பதிவைத் தனியாக உட்கார்ந்து பார்த்திருந்தாள். அதில் ஒலி இல்லை. மெஷினருகே வந்து நின்ற சூப்பர்வைசர் மூடியைக் காட்டி ஏதோ அதட்டுவது மட்டும் தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று யூகிக்க அவளுக்கு ஒலி தேவைப்படவில்லை. வீட்டில் தினமும் அவளெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற வாய் அது.