ஆள் இரண்டு, டிக்கெட் ஒன்று

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் ஒரு டிக்கெட்தான் கிழித்தாள்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒனக்கு எங்கல?"

"எனக்கு வேண்டாம்ப்பா. வாங்க."

மகன் முன்னால் நடந்தான். அந்தப் பெண் அவனை "மணி" என்று கூப்பிட்டு எதையோ சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் திருநெல்வேலி பஸ்களில் செக்கிங் இன்ஸ்பெக்டராக ஏறி இறங்கியவர். டிக்கெட் இல்லாதவனை முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். முதுகும்தான்.

முன்னால் போன முதுகு அப்படித்தான் இருந்தது. பிடரி கறுத்துத் தோலுரிந்திருந்தது. ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவனை எந்த வெயில் வந்து அடிக்கிறது?

மூன்று நாளாகக் கேட்கிறார், ஆபீசைக் காட்டு என்று. அவன் சர்ச்சைக் காட்டினான். கோட்டையைக் காட்டினான். கடலைக் காட்டினான். இன்றைக்கு இது. மால்ட்டாத் தீவின் ஒரு மேட்டில் ஐயாயிரம் வருடக் கல் கோயில். உள்ளே சாமி இல்லை. யானை உயரத்துக்குக் கற்கள், மேலே வெயிலுக்கு வெள்ளைக் கூடாரம்.

அவர் மனம் கல்லில் ஒட்டவில்லை.

தென்காசியில் பெண் வீட்டார் காத்திருந்தார்கள். "மாப்ள வேலய நேர்ல பாத்துட்டுச் சொல்லுங்க. ஒங்க ஒரு வார்த்த போதும்" என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் கிடைக்கவில்லை.

மகன் சட்டென்று குனிந்தான். கல்லிடுக்கில் கிடந்த பாட்டில் மூடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டில் தின்ற தட்டை எடுக்காத பயல்.

அவர் ஒரு கல்லைத் தொடப் போனார்.

"தொடாதீங்கப்பா!"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சுவரிலிருந்த ஓட்டையைக் காட்டினான். "ஜூன் மாசம் சூரியன் உதிச்ச ஒடனே வெயில் இது வழியா வரும். அந்தா, அந்தக் கல்லுல விழும். ஒரு சாண்தான் இருக்கும்ப்பா. அவ்ளோ அழகு."

முகம் மலர்ந்துவிட்டது. இந்த மூன்று நாளில் இப்போதுதான். அவருக்கும் ஒரு நிமிடம் சந்தோஷமாகப் போயிற்று.

அப்புறம் வாசல் பலகை ஞாபகம் வந்தது. கதவு திறப்பது காலை ஒன்பது மணிக்கு.

உதிக்கிற சூரியனை இவன் எப்படிப் பார்த்தான்?

கழிப்பறை தேடுகிறவர்போல் டிக்கெட் அறையின் பின்பக்கம் போனார். கதவு திறந்து கிடந்தது. ஆணிகளில் நீல உடுப்புகள் தொங்கின. கீழே துடைப்பங்கள், வாளிகள்.

கடைசி உடுப்பின் மேல் ஒரு துண்டு.

சிவப்புக் கரை போட்ட வீரவநல்லூர்த் துண்டு. போன தீபாவளிக்கு அவரே பார்த்து வாங்கி அனுப்பியது. தொட்டார். கல் தூசி விரலில் ஒட்டியது.

கோபமா வருத்தமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

திரும்பினார். மகன் நின்றிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. தென்காசி.

"நல்லபடியா சொல்லிருங்கப்பா," என்றான் மகன். "பொறவு நான் பாத்துக்கிடுதேன்."

பஸ்ஸில் அவர் யாரையும் சத்தம் போட்டதில்லை. பக்கத்தில் போய் நிற்பார். கையை நீட்டுவார். மிச்சத்தை அந்த ஆளே சொல்லிவிடுவான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

துண்டை ஆணியிலிருந்து எடுத்தார். உதறவில்லை. அப்படியே தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

"இருங்க. பையனே பேசுதான்."

கையை நீட்டினார்.